இருபத்திரண்டு டியூப், ஒரே எச்சில்

அத்தியாயம் 17

போன வாரம் ஜெஸ்ஸியை லேப்டாப் முன்னால் வாயைப் பிளந்தபடி உட்கார வைத்துவிட்டு, நான் பாட்டுக்கு எழுந்து போய்விட்டேன். கோபித்துக்கொண்டு கடிதம் போட்டவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளும் தூங்கவில்லை. விடிந்து ஏழு மணியாகியும் ஜமுனாமரத்தூர் வீட்டில் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள், ஆறிப்போன டீயோடு.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். ஜெஸ்ஸி மருத்துவ ஆராய்ச்சிக்காரி. நம் உடம்பில் கார்ட்டிசால் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. காலையில் கண் விழிக்கும்போது ஏறி நிற்கும், இரவு படுக்கப் போகும்போது இறங்கிவிடும். இறங்க வேண்டியது இறங்காமல் வருஷக்கணக்கில் நின்றால் மூளையில் ஞாபகத்தைக் காக்கிற இடம் கெடுமா, மறதி நோய் சீக்கிரம் வருமா? இதுதான் அவளுடைய கேள்வி.

இதற்காக ஜவ்வாது மலையில் எட்டு ஊர்களில், ஐம்பது வயது தாண்டிய நூற்று அறுபது பெண்களிடம் எச்சில் வாங்கினாள். ஆளுக்கு இரண்டு டியூப். படுக்கும் முன் ஒன்று, எழுந்ததும் ஒன்று. ஐஸ் பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாங்கி வந்தவள் அவளுடைய நாத்தனார் டெல்சி.

நேற்று மாலை வேலூர் ஆய்வகத்திலிருந்து ரிப்போர்ட் வந்தது. பலாமரத்துக்கொல்லையில் பதினோரு பெண்கள். பதினோரு பேருக்கும் இரவு அளவு இறங்கவே இல்லை. இருக்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு! பார்த்ததும் ஜெஸ்ஸி துள்ளிக் குதித்தாள் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். இரண்டு வருஷமாக எதைத் தேடினாளோ அது கண் முன்னால் வந்து நின்றது.

அதற்கப்புறம்தான் எண்களை வரிசையாகப் படித்தாள். பன்னிரண்டு புள்ளி நான்கு. பன்னிரண்டு புள்ளி மூன்று. பன்னிரண்டு புள்ளி நான்கு. மறுபடி நான்கு. காலை எண்களும் இதே லட்சணம். ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே சாமைச் சோறு என்று மனசு சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தங்கவேலுக்கும் சந்தேகம் வந்து இரண்டாம் தடவை சோதனையை ஓட்டிப் பார்த்திருக்கிறான். அதே எண்கள்தான்.

பதினோரு பெண்களுக்கு ஒரே உடம்பா இருக்கும்?

"ஜெஸ்ஸி, அந்த லெட்டர எங்க வச்சேன்?"

மாமியார் ஜோசபின் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் தயாராகி வந்து நின்றார். ஐம்பத்தேழு வயது. இதே ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் மாணவியர் விடுதியில் பத்தொன்பது வருஷமாக வார்டன். எண்பது பிள்ளைகளின் பெயரையும், அவர்கள் அப்பா அம்மா பெயரையும், யாருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷி.

"உங்க ஹேண்ட்பேக்ல சைடு ஜிப்புல இருக்குது அத்தை."

"ஆமா. பதினோரு மணிக்கு மதர் வர்றாங்க. குடுத்துட்டு வந்துடறேன்."

அது விடுதியின் தலைமைக் கன்னியாஸ்திரீயான மதரிடம் கொடுக்க வேண்டிய ராஜினாமாக் கடிதம். ஒரு வருஷமாக ஜோசபினுக்கு மறதி. சாப்பாட்டு மணி அடிக்க மறந்தார். பிள்ளைகளை உள்ளே வைத்து வெளிக்கதவைப் பூட்டிவிட்டு, சாவியைத் தேடி ஒரு மணி நேரம் அலைந்தார். வேலூரில் ஸ்கேன் எடுத்ததில் மூளை லேசாகச் சுருங்கியிருந்தது. வயசு என்றார் டாக்டர். ஜெஸ்ஸிதான் நோய் என்றாள். 'இது ஆரம்பம். போனது திரும்பி வராது. இருக்கறவரைக்கும் நல்லா பாத்துக்குவோம்' என்று கணவன் பெல்வினிடம் சொன்னாள். படித்த பெண்டாட்டி சொன்ன பிறகு மறுபேச்சு உண்டா? ஓசூரில் வேலை பார்க்கும் பெல்வின் கடிதத்தை டைப் அடித்து அனுப்பிவிட்டான்.

இரண்டு நிமிஷம் போயிருக்காது.

"ஜெஸ்ஸி, அந்த லெட்டர எங்க வச்சேன்னு பாத்தியா?"

ஜெஸ்ஸி லேப்டாப்பை மூடினாள். எழுந்து போய் ஜிப்பைத் திறந்து கடிதத்தைக் காட்டினாள். ஜோசபின் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, யாரோ திட்டிய மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

எட்டு மணிக்குப் பேராசிரியர் குணசீலன் கூப்பிட்டார். ஜெஸ்ஸியின் பிஎச்.டி. வழிகாட்டி.

"ரிப்போர்ட் பார்த்தேன்மா. பிரமாதம்! அஞ்சு மணிக்குள்ள ரிசல்ட் டேபிள அனுப்பிடு. நாளைக்கு கமிட்டி."

"சார், அந்தப் பதினோரு பேர் சாம்பிள்…"

"அதுதானே உன் தீசிஸே! அனுப்பு, அனுப்பு."

போன் வைக்கப்பட்டது. டெல்சி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். இருபத்தாறு வயது, சிரித்த முகம், எந்த ஊருக்குப் போனாலும் அரை மணி நேரத்தில் அந்த ஊர்ப் பெண் ஆகிவிடுவாள்.

"இன்னா அண்ணி, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது?"

"கெளம்பு. பலாமரத்துக்கொல்ல வரைக்கும் போய்ட்டு வரலாம்."

டெல்சியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னிக்கா? எல்லாரும் கொல்லையில களை எடுக்கப் போயிருப்பாங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை போலாமே."

"இன்னிக்கேதான் போவணும்."

"வண்டில பெட்ரோல் இல்ல."

"போடலாம்."

டெல்சி துண்டைக் கொடியில் போட்டாள். போட்ட துண்டை எடுத்து மறுபடியும் போட்டாள்.

டெல்சிதான் வண்டியை ஓட்டினாள். மழை பெய்து ஓய்ந்த ரோடு. வளைவுகளில் டெல்சி வழக்கமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புவாள். இன்று ஹாரன் மட்டும் அடித்தாள், எதிரே யாரும் வராதபோதும்.

பலாமரத்துக்கொல்லையில் முதல் வீடு ஈஸ்வரியுடையது. வாசலில் சீத்தாப்பழக் குவியல். போளூர் சந்தைக்குப் போவதற்காகக் காயை ஒரு கூடையிலும் கனியத் தொடங்கியதை ஒரு கூடையிலும் பிரித்துக்கொண்டிருந்தார். லிஸ்டில் நான்காம் நம்பர்.

"வா டெல்சி! இன்னா எளச்சுட்ட? யாரு, உங்க அண்ணியா? குந்துங்க டாக்டரம்மா."

"இருக்கட்டும்க்கா. ஒண்ணு கேக்கணும். ஆடி மாசம் நீங்க டியூபுல எச்சில் குடுத்தீங்க இல்ல, படுக்கறப்ப ஒண்ணு, காலையில ஒண்ணு…"

"எச்சியா?" ஈஸ்வரி டெல்சியைப் பார்த்தார். டெல்சி சீத்தாப்பழத்தைப் பார்த்தாள். "நாங்க எங்கம்மா குடுத்தோம்? காப்பு கட்டியிருந்ததே!"

ஜெஸ்ஸிக்குப் புரியவில்லை. ஈஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்.

"சாமிக்குக் காப்பு கட்டிட்டா பதினஞ்சு நாளைக்கு ஊர் ஆளு எல்லை தாண்டிப் போய் ராத் தங்கக் கூடாது. கட்டிக்குடுத்த பொண்ணு வூட்டுக்குக் கூட போவ மாட்டோம். எச்சி எங்க ஒடம்புலேர்ந்து வந்தது தானே? அது வேலூர்ல போய் ராத் தங்கினா நாங்க தங்கின மாதிரிதானே ஆவும்?"

"இத… இத டெல்சிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னோமே! காப்பு அவுத்த மறுநாள் வா, பதினோரு பேரும் வரிசையா நின்னு துப்பித் தர்றோம்னு சொல்லி, பலாச்சுளை குடுத்து அனுப்பினோம். அப்புறம் வரவே இல்ல. வேற ஊர்ல வாங்கிக்கிட்டாங்க போலன்னு நெனச்சோம். இன்னா டெல்சி, சொல்லலியா அண்ணிகிட்ட?"

டெல்சி ஒரு பழத்தை எடுத்துக் கூடை மாற்றி வைத்தாள்.

பதினைந்து நாள்! வெறும் பதினைந்து நாள் பொறுத்திருந்தால் போதும். ஊசி குத்தினால் பயப்படுவார்கள், எச்சில் என்றால் யாருக்கும் கஷ்டமில்லை என்று திட்ட அறிக்கையில் பெருமையாக எழுதியவள் ஜெஸ்ஸி. எல்லையைத் தாண்டி எச்சில் போகலாமா என்று ஒரு ஆளைக் கேட்கத் தோன்றவில்லை.

ஈஸ்வரி கொடுத்த நாலு பழத்தை மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஊரைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி அருகே ஸ்கூட்டியை நிறுத்தச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் டவர் கிடைக்கிற ஒரே இடம் அதுதான்.

"யாரோட எச்சில் அது?"

டெல்சி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"டெல்சி, உன்னத்தான் கேக்கறேன்."

"என்னோடது." குரல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தது. "நீங்கதானே அண்ணி கத்துனீங்க. அதுக்கு முன்ன வாரம் அத்திமரத்தூர்ல ரெண்டு டியூப் காலியா வந்துச்சின்னு, 'இந்த வாரம் ஒரு டியூப் காலியா வந்தா நீ வூட்டுலயே இரு, வேற ஆள வச்சிக்கறேன்'னு சொன்னீங்க. அண்ணன் எதுருல சொன்னீங்க."

சொன்னாள்தான். ஜெஸ்ஸிக்கு அந்த வார்த்தை ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. ஆனால் இப்போது அவள் காதில் வேறு ஒன்றுதான் ஒலித்தது. என்னோடது. பன்னிரண்டு புள்ளி நான்கு. இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு!

அவ்வளவுதான், கோபம் போன இடம் தெரியவில்லை. டெல்சியின் ஹெல்மெட்டைத் தானே கழற்றி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்கு மாசா மாசம் ஒழுங்கா வருதா? தூக்கம் வருதா? மாடி ஏறினா கால் தாங்குதா? எங்கயாச்சும் இடிச்சிக்கிட்டா நீலம் பாயுதா?"

"இன்னா அண்ணி, பயமுறுத்தறீங்க!"

"அந்த அளவு தப்புடி. ராத்திரில இவ்வளவு இருக்கக் கூடாது. கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்குது, இல்லன்னா மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒண்ணு இருக்குது. ரெண்டுல ஏதோ ஒண்ணுல கட்டி வந்தா இப்படி ஆவும். விட்டா சர்க்கரை, பிரஷர், எலும்பு, மூளை எல்லாம் போய்டும். நாளைக்கே வேலூருக்குப் போறோம்."

டெல்சி முகம் வெளிறிப்போனது.

"அண்ணி… என்னோடது இல்ல."

"பின்ன?"

"அம்மாவோடது."

தண்ணீர்த் தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெஸ்ஸி அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

டெல்சி அழுதுகொண்டே சொன்னாள். அன்றைக்குக் காலி டியூப்களோடு வீட்டுக்கு வந்து சமையலறையில் அழுதிருக்கிறாள். ஜோசபின் பார்த்துவிட்டார். 'எச்சில் தானே? எச்சிலுக்கா அழுவற? இங்க குடு' என்று சொல்லி, எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை மேஜையில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து வாயூறவைத்து, படுக்கும் முன் பதினோரு டியூப் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் இன்னும் பதினொன்று. நடுவில் ஒரு தடவை 'இது எதுக்குத் துப்பறேன்?' என்று கேட்டிருக்கிறார். டெல்சி மறுபடி சொன்னதும் 'ஆமாமா, மறந்துட்டேன்' என்று தொடர்ந்து துப்பியிருக்கிறார்.

"மத்த ஊர்லயும் இப்படித்தானா?"

"அந்தோணியார் மேல சத்தியமா இல்ல அண்ணி. மத்த ஊர்ல எல்லாம் நர்ஸம்மா கூடவே வந்தாங்க. அத்திமரத்தூர் ரெண்டு காலி டியூப் தவிர எல்லாம் அவங்கவங்க குடுத்தது. இந்த ஒரு ஊரு மட்டுந்தான், அன்னிக்கு நான் தனியா போனேன்."

ஜெஸ்ஸி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் மனசு முழுக்க மாமியார்.

ஒரு வருஷமாக ஜோசபினின் முகம் உப்பிக்கொண்டே வந்தது. 'உக்காந்த எடத்துல வேலை, அதான்' என்றார்கள். கோயிலில் முழங்கால் போட்டால் முன் பெஞ்சைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. 'வயசு' என்றார்கள். பக்கெட் பிடி பட்ட இடமெல்லாம் நீலம். 'ரத்தம் சுண்டிப்போச்சு' என்றார்கள். புதிதாகச் சர்க்கரை வந்தது, 'பரம்பரை' என்றார்கள். இரவில் தூங்காமல் அலமாரியை அடுக்கினால், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுந்தால், 'மாமியார்னா அப்படித்தான்' என்று இந்த ஜெஸ்ஸியே சிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் இருக்கிறது என்பது இருபத்திரண்டு டியூபில் எழுதியிருந்தது.

கார்ட்டிசால் அதிகமாகச் சுரந்தால் ஞாபகம் போகும். ஸ்கேனில் மூளை சுருங்கியது போலவே தெரியும். கட்டியை எடுத்தால், இல்லையென்றால் மருந்து கொடுத்தால், போனதில் பெரும்பகுதி திரும்பி வரும். இதைத்தானே அவள் இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்! எட்டு ஊர்களில் தேடியவள் தன் சமையலறையில் தேடவில்லை. போதாக்குறைக்கு, திரும்பி வராது என்று தீர்ப்பும் சொன்னாள். எனக்கே அவள் மேல் கோபம் வருகிறது. என்ன செய்ய, என் கதாநாயகி அவள்தான்.

"மணி இன்னா?"

"பத்து இருபது."

"பதினோரு மணிக்கு அத்தை லெட்டர் குடுக்கறாங்க." ஜெஸ்ஸி எழுந்தாள். ஜோசபினுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். போனை எங்கே வைத்தாரோ, யார் கண்டது.

மூன்றாவதாகக் குணசீலனுக்குப் போட்டாள். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

குணசீலன் முதலில் கணக்குப் போட்டார்.

"இத எடுத்துட்டா உன் ரிசல்ட்ல ஒண்ணும் நிக்காது, தெரியுதா?"

"தெரியும் சார்."

"சரி. பதட்டப்படாத. லேப்ல சாம்பிள் கலந்து போச்சுன்னு எழுதிடு. அந்த ஊரையே எடுத்துடலாம். ஆறு மாசம் தள்ளிப்போவும், அவ்வளவுதான். யாருக்கும் சேதாரம் இல்ல."

"தங்கவேலுக்கு, சார்? அவரு சரியா பண்ணியிருக்காரு. ரெண்டு தடவை ஓட்டியிருக்காரு. அவரு வேலை போயிடும்."

"அப்ப உன் நாத்தனார் பேர எழுதப் போறியா?"

ஜெஸ்ஸி டெல்சியைப் பார்த்தாள். டெல்சி குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுப் பண்ணு ஜெஸ்ஸி. சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குது." அவர் குரல் தணிந்தது. "உங்க மாமியாரத் திங்கக்கிழமை கூட்டிட்டு வா. ஹார்மோன் டாக்டர்கிட்ட நான் சொல்றேன். ஒரே ராத்திரி எடுத்தது போதாது. இன்னிக்கு ராத்திரி புதுசா ஒரு டியூப் எடுத்துக்க, முறையா கையெழுத்து வாங்கி."

ஐந்து மணி வரைக்கும் நேரம் இருந்தது. யோசித்துச் செய் என்று அவரும் சொன்னார். ஆனால் ஜெஸ்ஸிக்கு எதையும் தள்ளிப்போடத் தெரியாது. பொறுமை இல்லாததால் வந்த வினை இது என்று ஐந்து நிமிஷம் முன்னால் உணர்ந்தவள், உணர்ந்த வேகத்தோடு அங்கேயே நின்று மெயிலைத் தட்டினாள். டவர் போய்விடுமே! 'பலாமரத்துக்கொல்லையின் இருபத்திரண்டு மாதிரிகளும் அந்த ஊர்ப் பெண்களுடையவை அல்ல. சேகரித்தவர் டெல்சி. கொடுத்தவர் ஜோசபின். ஆய்வகத்தின் மீது தவறில்லை. முழுப் பொறுப்பு என்னுடையது.' கமிட்டி முகவரியையும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

"டெல்சி, நான் உண்மைய எழுதிட்டேன். உன் பேரும் அதுல இருக்குது."

டெல்சி ஈர முகத்தோடு நிமிர்ந்தாள். அவள் தலையாட்டியது சரி என்பதற்கா, அழுகையை அடக்குவதற்கா என்று தெரியவில்லை.

"மொதல்ல அம்மாகிட்ட போலாம் அண்ணி," என்றாள்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். மதர் வந்த ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்ததால் கூடம் வெறிச்சென்று இருந்தது. டெல்சி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜெஸ்ஸி மட்டும் உள்ளே போனாள்.

வார்டன் அறையில் ஜோசபின் தன் குடையையும் ஜெபப் புத்தகத்தையும் ஒரு கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துட்டேன் ஜெஸ்ஸி. மறக்காம குடுத்துட்டேன்."

அதை அவர் பெருமையாகச் சொன்னதில் ஜெஸ்ஸி உடைந்துபோனாள். கட்டிலில் அவரை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். எச்சில், எண்கள், சுரப்பி, சுருங்கிய மூளை. ஜோசபின் நடுவில் குறுக்கிடவில்லை. மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப எனக்குப் புத்தி கெட்டுப்போவலியா?"

"இல்ல அத்தை. இன்னும் டெஸ்ட் பாக்கணும். ஆனா எனக்கு நம்பிக்கை இருக்குது."

"பிள்ளைங்க பேரெல்லாம் திரும்பி வந்துடுமா?"

"நெறய வரும் அத்தை. நாந்தான் தப்பா சொல்லிட்டேன். என்ன மன்னிச்சுடுங்க."

ஜோசபின் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். ஒரு வருஷமாக அவர் அப்படிச் சிரித்து ஜெஸ்ஸி பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊறுகாய் ஜாடி புண்ணியம்," என்றார். ஜெஸ்ஸிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்தாள்.

"இன்னிக்கு ராத்திரி ஒரு டியூப் குடுக்கணும் அத்தை. இந்தத் தடவை உங்க பேருல. இதுல ஒரு கையெழுத்து போடுங்க. திங்கக்கிழமை வேலூரு."

ஜோசபின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவை வாங்கினார். போடப் போனவர் நிறுத்தினார்.

"டெல்சி பேரு எதுலயும் வராதுல்ல?"

ஜெஸ்ஸி பைக்குள் சீத்தாப்பழங்களை ஒதுக்கி வைத்தாள்.

"ஜெஸ்ஸி?"

"மெயில் அனுப்பிட்டேன் அத்தை. உண்மைய மறைச்சா லேப்ல இருக்கற ஒரு ஆளு மேல பழி விழும். அதான்…"

"யாரு பேரு போட்ட?"

"டெல்சி பேரு. உங்க பேரு. பொறுப்பு என்னோடதுன்னும் எழுதியிருக்கேன்."

"அவளுக்கு இன்னா பண்ணுவாங்க?"

"கமிட்டில கூப்பிட்டு விசாரிப்பாங்க. இனிமே இந்த மாதிரி வேலை… கெடைக்கிறது கஷ்டம்."

ஜோசபின் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். விரலை வைத்து, வாய்விட்டு, அவசரமில்லாமல். ஜெஸ்ஸிக்கு அந்த இரண்டு நிமிஷம் பொறுக்கவே முடியவில்லை.

"முழு விருப்பத்தோட, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமன்னு போட்டிருக்குது. பலாமரத்துக்கொல்லைப் பொம்பளைங்ககிட்ட இத படிச்சுக் காட்டித்தானே கேப்பீங்க?"

"ஆமா அத்தை."

"எம் பேரப் போட்டு அனுப்பறதுக்கு முன்ன என்னைக் கேட்டியா? எம் பொண்ணு பேரப் போட்டியே, அவளையாவது கேட்டியா? நாள் கணக்கா வண்டில வரல நீ, முக்கா மணி நேரத்துல வந்துட்ட. வந்து என்னைக் கேட்டிருக்கலாமே?"

நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஜோசபின் பேனாவை மூடினார். கட்டில் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை. ஜெஸ்ஸி கை நீட்டினாள். அந்தக் கையைத் தொடாமல், இரண்டாம் தடவை சுவரைப் பிடித்து எழுந்தார். படிவத்தை இரண்டாக மடித்து மருமகளின் பைக்குள் திரும்ப வைத்தார்.

"டெல்சி மேல குத்தம் இல்லன்னு அங்கேருந்து கடுதாசி வரட்டும். கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் எனக்கு மறதி நோய்தான்."

கட்டைப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்ற மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.